பழைய புஷ்ராட்டா, அளந்து எடுத்ததா?

மூதூர் வயலில் உழுத மெஸி பெர்கசன் 135 டிராக்டர் ஒன்று திருகோணமலைக் கராஜில் நிற்கிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி, வால்வு உட்காரும் சீட்டும் வெட்டியாயிற்று. சீவிய ஹெட் தாழும், வெட்டிய சீட்டில் வால்வுத் தண்டு மேலே எழும்பும். இரண்டாலும் பழைய புஷ்ராட், அதாவது கீழிருந்து ரொக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளி வால்வைத் திறக்கும் கம்பி, நீளம் கூடியதுபோல ஆகிவிடும்.

பழையதையே போடுவதென்றால் கண்ணாடித் தட்டில் உருட்டி வளைவு பார்க்க வேண்டும். முனை தேயாதிருந்தால் அதனதன் இடத்திலேயே போட்டு, ரொக்கர் திருகில் வால்வு இடைவெளி வைத்தால் சரி. திருகு எல்லைவரை மேலேறி நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

மற்றது, நீளம் மாற்றக்கூடிய சோதனை புஷ்ராட்டால் அளந்து, அந்த நீளத்தில் புதியது எடுப்பது. வால்வு நுனியில் மார்க்கர் மை பூசி, கிராங்கை கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மை அழிந்த கோடு ஒடுக்கமாக, நடுவில் விழுந்தால் நல்லது. ரொக்கர் தனித்தனி ஸ்டட்டில் (ஹெட்டில் பதித்த திருகாணியில்) நிற்கும் எஞ்சினுக்கு இது கட்டாயம். அங்கே நீளம் மாறினால் கோடும் நகரும். புஷ்ராட்டின் அடியில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருந்து, ரொக்கரில் சரிசெய்யும் திருகும் இல்லையென்றால், லிஃப்டரின் உள் பிஸ்டன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் நீளத்தில்தான் இருக்கிறது.

இந்த டிராக்டரிலோ ரொக்கர்கள் ஒரே தண்டில் கோத்தவை. கோடு ஓரம் போனால் புஷ்ராட்டை மாற்றிப் பயனில்லை, தண்டின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே இதற்குப் பழையதே போதும், மைச் சோதனையை மட்டும் விடாதீர்கள். மிச்சமாகும் காசை வால்வு ஆழம், அதாவது வால்வு ஹெட் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை, அளக்கக் கொடுங்கள். டீசலில் பிஸ்டன் ஹெட்டை ஒட்டியே வரும்.