தோல் பிரிவு, 14-ஆம் அறை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், இன்னும் அங்கேதான் போய்வர வேண்டும். ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தோல் நோய்ப் பிரிவு. அது போதும்.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு முழங்கையில் செதில் உதிர்ந்தால் என்ன ஆகும்? வாடிக்கைக்காரர்கள் வாய்திறந்து எதுவும் கேட்க மாட்டார்கள். கண் மட்டும் ஒருமுறை முழங்கைக்குப் போய்விட்டு மாவுக்குத் திரும்பும். மறுநாள் அந்த வீட்டுத் தூக்குவாளி வராது. சித்திரை வெயிலில்கூட முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கிரைண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் போனது மருந்துக்கடைக்கு. "படர்தாமரைதான்க்கா" என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசினால் நாலு நாளில் அமுங்கும், நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக எழும்பும். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் அதில் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. என்னிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை. அடுத்து ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் தோல் கண்ணாடி மாதிரி ஆனது. ஒரு மாதம் கழித்து முதுகு, முழங்கால், தலை என்று எல்லா இடத்திலும் வெடித்துக்கொண்டு வந்தது. ஸ்டீராய்டை உள்ளே செலுத்திவிட்டு நிறுத்தினால் இந்த நோய் இப்படித்தான் திருப்பி அடிக்குமாம்.

சரி, அரசு மருத்துவமனைக்கு வருகிறேன். காலை 7 மணிக்கு வரிசையில் நின்றால் 10.30-க்கு உள்ளே போகலாம். காசு கிடையாது. உட்கார பெஞ்சும் கிடையாது, எதையாவது விரித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண். முழங்கையை நீட்டினேன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காததையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். தலைமுடியைப் பிரித்தார், தொப்புளைப் பார்த்தார், பத்து விரல் நகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் குட்டிக் குட்டிக் குழிகள். எத்தனை வருஷமாக இருந்ததோ, நான் கவனித்ததே இல்லை. "காலையில எழுந்தா விரல் மடக்க வருதாம்மா?" என்று கேட்டார். வராது. ஆட்டி ஆட்டித்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். இந்த நோய் மூட்டுக்கும் போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அப்புறம் ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பால் முழங்கையைச் சுரண்டினார். மெழுகுவத்தியைச் சுரண்டினால் வருமே, அது மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் அடியில் ஊசிமுனை அளவில் ரத்தப் பொட்டுகள். உதிர்ந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துப் பூஞ்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "சோரியாசிஸ்ம்மா. ஒட்டுவாரொட்டி இல்ல, தைரியமா மாவு அரைங்க." ஒரு மாதத்தில் மெதுவாக வளர்ந்து உதிர வேண்டிய தோல் நாலைந்து நாளிலேயே வளர்ந்துவிடுகிறதாம். புளித்துப் பொங்கி வழிகிற மாவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

துணைக்கு வந்திருந்த அத்தை, "அப்படியே எங் கையையும் பாரு தாயி" என்று மணிக்கட்டை நீட்டினார். கத்திரிக்காய் நிறத்தில் தட்டையான, பளபளப்பான பொரிகள். வீட்டில் அதற்கு வேர்க்குரு என்று பேர் வைத்திருந்தோம். டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பொரியின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பிறகு அத்தையின் வாய்க்குள் டார்ச் அடித்தார். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள். காரம் பட்டால் எரிகிறது என்று அத்தை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகாய் நான்தான் அதிகம் போடுகிறேன் என்று வீட்டில் பஞ்சாயத்தே நடந்தது. இதன் பெயர் லைக்கன் பிளேனஸ், இதுவும் ஒட்டாது.

ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. அத்தை சொறிந்த கோட்டிலேயே பொரிகள் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக நின்றன. எனக்கு அரிவாள்மனை வெட்டிய பழைய தழும்பின்மேலேயே செதில் படர்ந்திருக்கிறது. அதனால் சொறியாதே, தேய்க்காதே என்பது எங்கள் இருவருக்கும் ஒரே உத்தரவு.

அத்தைக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை செய்தார்கள், ஒரு தையல். சில மாத்திரைகளாலும் இதே மாதிரி வருமாம். பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கிப் படித்தார். மஞ்சள்காமாலை சி வைரஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. தோலில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் அடங்கும், கறுப்புத் தழும்பு விட்டுவிட்டுப் போகும். வாயில் இருப்பது லேசில் போகாது. அபூர்வமாகப் புற்றாக மாறக்கூடும் என்பதால் அடிக்கடி காட்ட வேண்டும், வெற்றிலை பாக்கு கூடாது. அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை.

எனக்குக் களிம்பும் ஒளி சிகிச்சையும். வாரம் மூன்று நாள், ஆள் உயரக் கூண்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் சில விநாடிகள்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மூட்டு வலிக்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் சேர்த்தார்கள். குழந்தை பெறும் எண்ணம் உண்டா, குடிப்பீர்களா என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டபோது சிரித்துவிட்டேன். குடியைப் பற்றி ஈரலுக்காகக் கேட்கிறார்கள், ரத்தப் பரிசோதனையும் அதற்குத்தான்.

குறைக்கு வருகிறேன். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுக்கும் ஜன்னலில் காகித உறையின்மேல் பேனாவால் '1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் வாயால் மூன்று தடவை சொல்லியிருக்காவிட்டால் நான் தினம் ஒன்று போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் உறையில் ஸ்கெட்ச் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக்கொண்டேன். இதற்குத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். ஒளிக் கூண்டு இரண்டு வாரம் ரிப்பேரில் கிடந்ததையும், மறைக்க ஒரு திரைத்துணி இல்லாததையும்கூட மன்னித்துவிடலாம்.

பலன்? ஐந்து மாதத்தில் முழங்கை வெறும் வெளிறிய திட்டாக ஆகிவிட்டது. தலையில் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. விரல் மடங்குகிறது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றுதான் டாக்டர் முதல் நாளே சொன்னார். சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குத் தரும் வெட்பாலை எண்ணெய் பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டினேன். மேலே தடவிக்கொள்ளுங்கள், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி எதையும் உள்ளே சாப்பிடாதீர்கள் என்றார்.

போகிறவர்கள் திங்கள்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. பழைய மாத்திரை அட்டை, பூசிய டியூப் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நகப்பூச்சைச் சுரண்டிவிட்டுப் போங்கள்.

அத்தைக்கு வரும் புதன்கிழமை வாய் பார்க்கிறார்கள். வெற்றிலைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அந்த வீட்டுக்காரி வந்து, "ஒங்க அத்தை ஏணி கேக்காங்க, குடுக்கட்டுமா?" என்கிறாள்.