பாதியில் விட்டால் எது தாங்கும்? குரோஷே, நிட்டிங், எம்பிராய்டரி, ஆரி: ஓர் ஒப்பீடு

நூல்வேலை நடக்கும் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. எடுத்ததை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது ஒரு கட்சி. கை சலித்தால் வேறொன்றுக்குத் தாவுவதில் என்ன தவறு என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் எங்கள் ஆட்கள் எத்தனை வேலைகளை ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பதல்லவா முதல் கேள்வி?

குக்கர் விசில் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் திரும்பலாம். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டால் ஒரு மாதம் கழித்தும் திரும்பலாம். அதுவரை அந்த வேலை வைத்தபடியே இருக்குமா? எந்த இடத்தில் விட்டோம் என்பதை அதைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? அழகு, விலை, கற்கும் சிரமம் ஆகியவற்றை வைத்து இந்தக் கலைகளை ஒப்பிட்டவர்கள் நிறையப் பேர். நான் இங்கே பார்ப்பது, பாதியில் விட்டால் எது தாங்கும் என்பதை மட்டும்.

குரோஷேயும் நிட்டிங்கும்

தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: "உல்லன் நூலில் ஏதோ பின்னுகிறாள்." குரோஷே கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் பின்னுவது, நிட்டிங் இரண்டு நீண்ட ஊசிகளால். உட்கட்டமைப்பிலும் இரண்டும் வெவ்வேறு. குரோஷேயில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரே ஒரு நூல் வளையம். அதற்கு முன் போட்டவை எல்லாம் கட்டுப்பட்டுவிட்டன. நிட்டிங்கில் ஊசியின் மேல் இருக்கும் கண்ணிகள் அத்தனையும் திறந்தவை. ஸ்வெட்டரின் முதுகுப் பகுதிக்கு 120 கண்ணி போட்டிருந்தால் 120க்கும் ஊசிதான் காவல். தவழும் குழந்தை அந்த ஊசியை உருவிவிட்டால், நழுவிய ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள வரிசைகளையும் அவிழ்த்துக்கொண்டே இறங்கும்.

குரோஷேயை விட்டு எழும்போது அந்த ஒற்றைக் கண்ணியைச் சற்று இழுத்துப் பெரிதாக்கி ஓர் ஊக்கை மாட்டினால் போதும். ஊக்கு போடாமல் விட்டு, நூல் முனையை யாராவது இழுத்தாலும் போட்ட வரிசையிலேயே பின்னோக்கிப் பிரியும். நின்ற இடத்தில் கண்ணியைப் பிடித்துத் தொடரலாம். நிட்டிங்கிலும் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சில வரிசைகளுக்கு ஒருமுறை வேறு நிற நூலை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோத்து வைத்துவிட்டால், அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். நல்ல உபாயம்தான். ஆனால் குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடுகிறவர் அதைக் கோத்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து, பலரும் யோசிக்காத சங்கதி: கருவி. ஊக்கு மாட்டியவுடன் குரோஷே ஊசிக்கு விடுதலை. 4 மி.மீ. ஊசி ஒன்றே இருந்தாலும் தொப்பி, பை, மேசை விரிப்பு என மூன்றையும் மாறி மாறி ஓட்டலாம். நிட்டிங்கில் வேலை முடியும்வரை ஊசி அதற்கே சொந்தம். இரண்டு ஸ்வெட்டர் என்றால் இரண்டு ஜோடி ஊசி. இரண்டு ஊசி முனைகளை ஒரு கேபிள் இணைக்கும் வட்ட ஊசியில், முனை கழற்றும் வகையை வைத்திருப்பவர்கள் கண்ணிகளைக் கேபிளில் விட்டு, இரு பக்கமும் மூடி போட்டு, முனைகளை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தச் செட் மலிவானதல்ல. முனைகளைக் கழற்றுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 4 மி.மீ.யில் தொடங்கியதை ஒரு மாதம் கழித்து 3.5 மி.மீ.யில் தொடர்ந்துவிடுவோம், துணி அந்த இடத்திலிருந்து குறுகத் தொடங்கும். எந்த அளவு ஊசி, எத்தனையாவது வரிசை, முறைத்தாளில் (பேட்டர்னில்) இருப்பது அமெரிக்கக் கணக்கா பிரிட்டன் கணக்கா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வேலையோடு ஊக்கால் குத்திவையுங்கள். குரோஷேயில் இரண்டு நாட்டிலும் ஒரே பெயர் வெவ்வேறு தையலைக் குறிக்கும் என்பதால், இரண்டு முறைத்தாள்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு இந்தச் சீட்டு கட்டாயம்.

நிட்டிங்கை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். வரிசையின் நடுவில் நிறுத்தினால் இரண்டு ஊசிகளுக்கும் இடையில் உள்ள கண்ணி நீண்டு, துணியில் தடம் விழும். வரிசை முடிவில்தான் நிறுத்த வேண்டும். 120 கண்ணியுள்ள வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்றால் வீட்டில் யார் காத்திருப்பார்கள்?

இதுவரை படித்தவர்கள் நான் நிட்டிங்குக்கு எதிரி என்று நினைக்கக்கூடும். இல்லை. மெல்லியதாகவும் இழுத்தால் கொடுப்பதாகவும் துணி வேண்டுமென்றால் குரோஷே அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குரோஷே கூடுதலாக நூலும் தின்னும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை என்பதிலேயே நிட்டிங் வெல்லும் ஓர் இடமும் இருக்கிறது. ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் ஒரே ஊசியில், இரண்டு நூல் உருண்டைகளோடு பக்கம் பக்கமாகப் பின்னுவதைச் சொல்கிறேன். ஒரு கையை இந்த மாதமும் மற்றதை அடுத்த மாதமும் பின்னினால், இறுக்கம் மாறி ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் வரும். சேர்த்துப் பின்னினால் வரிசைக் கணக்கு தானாகவே ஒத்துப்போகும்.

ஆனாலும் அடிக்கடி எழுந்து போக வேண்டிய வீட்டுக்கு என் ஓட்டு குரோஷேக்குத்தான், அதிலும் துண்டு துண்டாகச் செய்யும் குரோஷேக்கு. ஆந்திராவில் நரசாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் லேஸ் வேலை இப்படித்தான் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக வந்த அந்த வேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தே, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் செய்தார்கள். பூக்களை ஒருவர் போடுவார், இணைப்பது இன்னொருவர். அந்தப் பகுப்பில் லாபம் யார் கைக்குப் போனது என்பது தனிக் கதை, மகிழ்ச்சியான கதையும் அல்ல. ஆனால் துண்டாக்கியதால்தான் அது அடுப்படி நேரத்துக்குள் அடங்கியது என்பதில் சந்தேகமில்லை.

நம் வீட்டில் அதற்கு ஈடு கிரானி ஸ்கொயர் போர்வை, அதாவது சிறு சிறு சதுரங்களாகப் பின்னிப் பிறகு இணைப்பது. ஒவ்வொரு சதுரமும் தன்னளவில் முடிந்த வேலை. பஸ்ஸிலும் மருத்துவமனை வரிசையிலும் போடலாம். ஒரே துண்டாகப் பின்னும் போர்வை பாதி வளர்ந்ததும் மடியைவிட்டு இறங்காது. சித்திரை வெயிலில் அரைப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பின்னுவது தண்டனை. சதுரத்தின் குறை ஒன்றுதான். ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு நூல் வால்களை விட்டுவைக்கும். 80 சதுரம் என்றால் 160 வால். அவற்றை அன்றன்றைக்கே உள்ளே செருகாதவர்களின் போர்வைகள்தான் ஆண்டுக்கணக்கில் பரணில் தூங்குகின்றன.

ஊசி வேலைகள்

கை எம்பிராய்டரியைப் பெரும்பாலான தையல்களில் பாதியில் விட்டாலும் நூல் துணிக்குள் பத்திரமாக இருக்கும். அவிழும் அச்சம் குறைவு. கெடுவது வேறு வழியில். துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தை மாட்டியபடியே விட்டால் துணியில் வட்டமாக மடிப்பும் அழுக்கும் பதியும். வெள்ளைத் துணியானால் துவைத்தாலும் முழுதாகப் போகாது. ஊசியைத் துணியிலேயே குத்திவைத்தால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் துருக்கறை ஏறும். எழும்போது வளையத்தைக் கழற்றுவது, ஊசியை வெளியே எடுப்பது என்ற இரண்டு பழக்கங்களும் உள்ளவருக்கு எம்பிராய்டரி நம்பகமான கூட்டாளி.

வரைந்த கோடும் கவனத்துக்குரியது. தானாக மறையும் மையில் வரைந்தால் சில நாட்களிலேயே கோடு காணாமல் போகும். திரும்பி வரும்போது பாதிப் பூவும் வெறும் துணியும்தான் இருக்கும். தண்ணீரில் அழியும் மையில் வரைந்ததை அலசாமல் இஸ்திரி போட்டால் கோடு நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் பேனா இருக்கிறதே, அதன் கோடு வெயிலில் நிறுத்திய காருக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். பல வேலைகளுக்கு நடுவில் காத்திருக்கப்போகும் துணிக்கு, அடர்ந்த தையல் மூடிவிடும் இடங்களில், பழைய கார்பன் தாளும் பென்சிலும் போதும்.

கோடே வேண்டாத வேலைகளும் உண்டு. நீலகிரித் தோடர்கள் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூவேலை துணியின் இழைகளை எண்ணியே செய்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியே அளவுகோல் என்பதால், எத்தனை நாள் கழித்துத் திரும்பினாலும் எண்ணிப் பார்த்துத் தொடரலாம். கிராஸ் ஸ்டிச்சும் அதே வகை. அதற்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் 14 எண் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். விட்ட இடத்தைத் துணியும் படமும் சேர்ந்து காட்டிவிடும். இடைவெளி விழுந்தால் தாங்கும் சக்தியில் குரோஷே சதுரத்துக்குச் சமமாக நிற்பது எண்ணித் தைக்கும் இந்த வகைதான். கண் பார்வைதான் அதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டு எம்பிராய்டரிகளைச் சேர்த்து நடத்துகிறவருக்கு நூல்பெட்டி தகராறு செய்யும். கடையில் வாங்கும் எம்பிராய்டரி நூல் சிட்டம் 6 இழை, பெரும்பாலும் 8 மீட்டர். நிற எண் அச்சிட்ட காகித வளையம் கழன்றுவிட்டால், ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பச்சைகளில் எது இலைக்கு, எது காம்புக்கு என்று பகலில்கூடச் சொல்ல முடியாது. ஓட்டை போட்ட அட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் கட்டிப் பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். வேலைக்கு ஓர் அட்டை.

ஆரிக்கு வருவோம். அது ஓர் அறையையே கேட்கும். பெரிய ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணி மேளத்தோல்போல் இறுகியிருந்தால்தான் கொக்கி முனையுள்ள அதன் ஊசி சரியாக இறங்கும். நாள்கணக்கில் விட்டால் தளர்ந்துபோகும், மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஆரி அடிப்படையில் சங்கிலித் தையல். முனையைப் பூட்டாமல் எழுந்துவிட்டால், நூலின் நுனி எதிலாவது மாட்டியதும் சரசரவென்று பிரியும். ஃபிரேமின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தாவிட்டால் தூசி படியும். குழந்தைகளுக்கு அது ஊஞ்சல் மாதிரியும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல வீடுகளில் ஆரி பொழுதுபோக்கு அல்ல, முகூர்த்த நாள் குறிக்கப்பட்ட ரவிக்கை. நாள் குறித்த வேலையையும் நாள் குறிக்காத வேலையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. ஆரி ஆர்டர் வீட்டுக்குள் வந்தால் மற்றவை அலமாரிக்குப் போகட்டும்.

கயிற்றில் முடிச்சுகள் போட்டே செய்யும் மேக்ரமேயும் ஒயர் கூடையும் இந்தப் பட்டியலில் சாதுவானவை. முடிச்சு முடிச்சுதான். கூடையில் போடுவது சிவன் கண் முடிச்சோ நெல்லிக்காய் முடிச்சோ, போட்டது அவிழாது. மேக்ரமேயை ஆணியில் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் மறக்கலாம். முதலில் வெட்டும் நீளத்தில்தான் கவனம் வேண்டும்: முடிந்த உருப்படியைப்போல நான்கு மடங்காவது, இரண்டாக மடித்துக் கட்டுவதானால் எட்டு மடங்கு. நடுவில் கயிறு போதாமல் போனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

பையா, பெட்டியா?

வேலைக்கு ஒரு பை என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எந்தப் பை என்பதில்தான் சண்டை. ஜிப் வைத்த புடவைக் கவர் உள்ளே இருப்பதைக் காட்டும், தேட வேண்டாம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஈரம் உள்ளேயே தங்கி, பருத்தி நூலில் பூஞ்சை வாடை வரும். மஞ்சப்பை காற்றோட்டமானது, ஆனால் நிட்டிங் ஊசி அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் மறந்துபோகும். ஊசி முனையில் ரப்பர் துண்டைச் செருகி, பையின் காதில் சீட்டைக் கட்டினால் மஞ்சப்பையின் இரண்டு குறைகளும் தீரும். புடவைக் கவரின் குறைக்கு அப்படி எளிய தீர்வு இல்லை. எம்பிராய்டரிக்கு மட்டும் தட்டையான பெட்டி, மடிப்பு விழக்கூடாது.

பூச்சி கம்பளியையும் பட்டையும் தின்னும். நாம் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதைப் பூச்சி சீண்டாது, அந்துருண்டை வீண். குழந்தைக்கான உடுப்பு எந்த நூலில் இருந்தாலும் அந்துருண்டை அருகில் வேண்டாம். அதன் ஆவி, பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிசுக்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

நூலை வாங்குவதிலும் பல வேலைகளைச் சேர்த்து நடத்துகிறவர்களுக்குத் தனி விதி. ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே சாயத்தொட்டியில் நனைந்ததாக, முதலிலேயே வாங்கி, அந்தந்தப் பையில் போட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நிறத்தைக் கேட்டால் கடைக்காரர் கொடுப்பது வேறு சாயத்தொட்டியின் நூல். குறைந்துவிட்டால், இரண்டு லாட்டையும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கலந்து பின்னுங்கள். வேறுபாடு ஓரளவு மறையும்.

என் கணக்கில் ஒரு வீடு தாங்கும் கூட்டு இது: குரோஷே சதுரம் ஒன்று, எண்ணித் தைக்கும் எம்பிராய்டரி ஒன்று, நிட்டிங் அதிகபட்சம் ஒன்று. நிட்டிங்கில் இரண்டு வேண்டவே வேண்டாம். அந்த ஒற்றை நிட்டிங் பிறக்கப்போகும் குழந்தைக்கான ஸ்வெட்டர் என்றால், அதற்கும் ஒரு முகூர்த்தம் இருக்கிறது என்பதை யாரும் நாட்காட்டியில் எழுதுவதில்லை. பிறந்த குழந்தையின் அளவுக்குத் தொடங்கி நடுவில் ஒரு மாதம் விட்டால், குழந்தை ஸ்வெட்டரை முந்திவிடும். ஆறு மாத அளவில் தொடங்குங்கள். அதற்கு முன், அந்த ஆறாவது மாதம் எந்த மாதத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊட்டியானால் எந்த மாதமும் சரி. சென்னையிலோ மதுரையிலோ அது மே மாதமாக இருந்தால் ஸ்வெட்டர் யோசனையை விட்டுவிட்டு, பருத்தி நூலில் ஒரு குரோஷே தொப்பியைப் போடத் தொடங்கலாம்.