வகுப்பறைக்கு குரோம்புக்: பிராசஸரை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

குரோம்புக் என்பது கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப். பள்ளிகளுக்கென்றே விற்கும் 11.6 அங்குல குரோம்புக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சு: 4 ஜிபி ரேம், 32 அல்லது 64 ஜிபி சேமிப்பு, 1366×768 திரை, விளிம்பில் ரப்பர். லெனோவாவோ ஏசரோ டெல்லோ, எட்டாம் வகுப்புப் பிள்ளை கட்டுரை தட்டவும் ஸ்லைடு போடவும் எல்லாம் போதும். முதலில் பார்க்க வேண்டியது அப்டேட் முடியும் தேதி. 2021 முதல் வந்த மாடல்களுக்கு கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கு பில் போட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த வன்பொருள் வெளியான நாளிலிருந்தே ஓடுகிறது. பழைய ஸ்டாக்கைச் சல்லிசாகத் தள்ளிவிடும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். செட்டிங்ஸில் 'அபவுட் குரோம்ஓஎஸ்' பக்கத்தில் தேதி இருக்கிறது.

கொட்டேஷனில் இன்னொன்றையும் தேடுங்கள்: பள்ளி நிர்வாக உரிமம். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் கருவிகளைப் பள்ளியின் கட்டுப்பாட்டில் வைப்பது, தேர்வு நேரத்தில் கூகுள் ஃபார்ம்ஸைப் பூட்டி வைப்பது எதுவும் நடக்காது. பெட்டியைப் பிரித்ததும் யாரும் சொந்த ஜிமெயிலில் நுழையக் கூடாது. லாகின் திரையிலேயே கன்ட்ரோல், ஆல்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பள்ளிக் கணக்கில் பதிய வேண்டும். ஆர்வக்கோளாறில் யாராவது முந்திக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் அழுத்தி முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

பல பள்ளிகள் சறுக்குவது மின்சாரத்தில். 45 வாட் சார்ஜர் 40 என்றால் 1,800 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேல் பாக்ஸாக மாட்டினால் ஒயர் சூடேறும். 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இழுங்கள். அப்போதும் எல்லா சார்ஜரும் ஒரே நொடியில் உயிர்பெற்றால், மிகைமின்சாரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழக்கூடும். பத்துப் பத்தாகப் போடுவது நல்லது.

வைஃபைக்கு வீட்டு ரவுட்டர் தாங்காது. பல கருவிகளை ஒரே நேரத்தில் வைஃபையில் இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்சஸ் பாயின்ட் வகுப்புக்கு ஒன்று வேண்டும். 40 பேரும் ஆளுக்கொரு வீடியோ திறந்தால், ஒன்றுக்கு 2.5 எம்பிபிஎஸ் வைத்தாலும் 100 எம்பிபிஎஸ் போய்விடும். அதை புரொஜெக்டரில் ஒருமுறை போட்டால் முடிந்தது. ஒரு கருவியில் பிள்ளை முதல்முறை நுழைய இணையம் கட்டாயம். ஆகவே வருகைப் பதிவேட்டு எண்ணையே மூடியில் ஒட்டி, அதே பிள்ளைக்கு அதே கருவி என்று வைத்துவிட்டால், நெட் போன நாளிலும் முன்பே ஆஃப்லைனில் வைத்த கோப்புகளில் வேலை ஓடும்.

தமிழுக்குக் குறையில்லை. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். தொல்லை பழைய வினாத்தாள்களில்தான். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு இங்கே ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், எழுத்துருவை நிறுவவும் வழியில்லை. விண்டோஸ் கணினியிலேயே, எந்தக் கருவியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடு எழுத்தாக மாற்றுங்கள். திருத்தம் தேவைப்படாதவற்றை பிடிஎஃப் ஆக்குங்கள்.

உடைவதில் முதலிடம் திரைக்கு. கீபோர்டின் மேல் பென்சிலை வைத்துவிட்டு மூடியை அழுத்தினால் போதும். அடுத்தது யூஎஸ்பி-சி துளை: ஒயரைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஆட்டம் கண்டுவிடும். சில மாடல்களில் அது தனிச் சிறு போர்டு, மாற்றுவது எளிது. சிலவற்றில் மதர்போர்டோடு சேர்ந்தது, செலவு பல மடங்கு. வாங்கும்முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

ஆறு முதல் பத்து வகுப்பு வரை தயங்காமல் வாங்கலாம். பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு வேண்டாம். பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் ஓட்ட லினக்ஸ் வசதியைத் திறந்தால் 4 ஜிபி திணறும். அவர்களுக்கு 8 ஜிபி உள்ள சாதாரண லேப்டாப்பே சரி.

கோடை விடுமுறையில் சும்மா கிடக்கும் பேட்டரி வடியாமலிருக்க, அதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தி, சார்ஜர் செருகியபடி ஆன் செய்து, ரெஃப்ரெஷ், பவர் இரண்டையும் பிடித்துக்கொண்டே சார்ஜரை உருவுங்கள். பிறகு பவரை அழுத்தியும் உயிர் வராவிட்டால் பேட்டரி துண்டிக்கப்பட்டுவிட்டது. ஜூனில் சார்ஜரைச் செருகினால் எழுந்துவிடும்.