ஜோடி சேராத பிளேட்டுகளுடன் ஒரு பழைய பெஞ்ச் வைஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்க வருபவர்களின் கண் முதலில் போவது ஜா பிளேட்டுகள் மேல்தான், அதாவது இரண்டு தாடைகளிலும் பொருளைக் கவ்வும் இடத்தில் திருகியிருக்கும் தகடுகள் மேல். இரண்டும் ஒரே ஜோடி என்றால் கடைக்காரர் விலையில் அசைய மாட்டார்; ஒன்று மாறியிருந்தால் அவரே இறங்கி வருவார். நான் வாங்கிய 125 மி.மீ. தாடை அகல வைஸ் இரண்டாவது ரகம். புதியதன் விலையில் பாதிகூட ஆகவில்லை. மோட்டார் பம்பு வேலை, கதவுக் கீல், மண்வெட்டி, தண்ணீர்க் குழாய் என்று சில ஆண்டுகளாக எல்லாமே அதன் வாயில்தான். பிளேட்டுகள் இன்றும் ஜோடி இல்லை. ஜோடியாக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

வாங்கும்போது பிளேட்டை மறந்துவிட்டு உடம்பைப் பார்ப்பது நல்லது. ஸ்பானரால் தட்டினால் நல்ல வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். தாடைக்கு அடியில் வெல்டிங் தடம் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஸ்பிண்டிலை (கைப்பிடியோடு சுழலும் நீளத் திருகு) முழுவதும் வெளியே எடுத்து, கைப்பிடிக்கு அருகில் இருக்கும் மரையை, அதாவது திருகுச் சுற்றுகளைப் பார்க்க வேண்டும். நாம் பிடிக்கும் பொருள்களில் பெரும்பாலானவை சிறியவை என்பதால் வைஸ் பாதிகூடத் திறப்பதில்லை. அந்தப் பகுதிதான் நட்டுக்குள் ஓயாமல் உரசித் தேய்கிறது. முனைப்பக்கத்து மரை புதிதுபோல் பளபளப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

என் வைஸின் பின் பிளேட் அசல்: கடினப்படுத்திய எஃகு, குறுக்குமறுக்கான பற்கள். அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கி ஓடும். முன் பிளேட்டோ யாரோ சாதாரண இரும்புப் பட்டையில் அறுத்துப் போட்டது. அரம் அதை உடனே கடித்தது. தடிமன் வேறு, உயரம் சுமார் இரண்டு மி.மீ. கூடுதல், நடுவில் பள்ளம். இரண்டு திருகுகளில் ஒன்று தலை போய் உள்ளேயே முறிந்திருந்தது.

புதிய ஜோடி செய்து தரும்படி கேட்கத்தான் கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தடிமன் கூடக் குறைய இருந்தால் என்ன தம்பி? வாய் மூடும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி நிற்கும், அவ்வளவுதான். மேல் விளிம்பு ஒரே மட்டமாக இருக்கிறதா பாருங்கள், முதுகு சரியாக உட்காருகிறதா பாருங்கள்" என்றார். அந்த இரண்டும் சரியாகிவிட்டால் போதும் என்பதை இத்தனை காலப் பயன்பாடு எனக்கும் காட்டியிருக்கிறது.

அதிக நேரத்தைத் தின்றது முறிந்த திருகு. அதன் முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் செய்து, ஆறவிட்டுத் திருப்பினோம். சாதாரண வெல்டிங் ராடு வார்ப்பிரும்பில் எளிதில் பிடிக்காது என்பது இங்கே வசதி. திருகில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். திருகு சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குவதால் துருவின் பிடியும் விட்டுப்போகும். முனகிக்கொண்டே வெளியே வந்தது.

வந்த பிறகுதான் பழைய உரிமையாளர் செய்த வேலை தெரிந்தது. துளையில் இருந்தது 5/16 அங்குல விட்வொர்த் (பழைய ஆங்கில அளவு) மரை. அவர் முறுக்கி ஏற்றியது எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) திருகு. 7.94 மி.மீ.க்கும் 8 மி.மீ.க்கும் கண்ணில் வித்தியாசம் தெரியாது, முதல் ஓரிரு சுற்றும் இனிமையாக ஏறும். ஆனால் ஒன்றில் மரைக்கு மரை 1.41 மி.மீ., மற்றதில் 1.25, கோணமும் 55 பாகைக்கு 60. ஸ்பானரில் பலம் கொடுத்தால் வார்ப்பிரும்பு மரைதான் பொடியாகும். பழைய ஆங்கில அளவு வைஸ்களில் இந்தக் கொடுமையை அடிக்கடி பார்க்கலாம். 8.5 மி.மீ. டிரில் விட்டு எம்10 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டதில் பழைய மரை சுவடில்லாமல் போய்விட்டது. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. கரித்தூள்போல் பொடியாக உதிரும், ஊதி ஊதித் துளைத்தால் போதும்.

அடுத்தது இருக்கை. பிளேட் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு, ஏதோ ஒரு வெல்டிங் சிதறல். சுரண்டி எடுத்து, நீல மை தடவி, எங்கே உயர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அரத்தால் சமப்படுத்தினேன். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க முடியாது. கடினப்படுத்திய பிளேட்டின் முதுகில் மேடுபள்ளம் இருந்தால், இறுக்கும்போது அது வளையப் பார்த்து, வளைய முடியாமல் திருகுத் துளையில் பிளந்துவிடும்.

முன் பிளேட்டுக்கு ஓ.எச்.என்.எஸ். என்ற கருவி எஃகு எடுத்து எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கலாம் என்று யோசனை வந்தது. கடைசியில் இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகுப் பட்டையை அறுத்து, கடினப்படுத்தாமல், பல் வெட்டாமல் வழுவழுப்பாகவே போட்டேன். உயரம் மட்டும் பின் பிளேட்டுக்குச் சமம். இரு ஓரங்களிலும் காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்துப் பார்த்தபோது இடப்பக்கம் இறுகியது, வலப்பக்கம் உருவிக்கொண்டு வந்தது. பிளேட்டின் முதுகை லேசான சாய்வில் கிரைண்டிங் செய்து வாங்கியதும் இரண்டும் ஒருசேர இறுகின.

ஒரு பக்கம் பல், மறுபக்கம் வழுவழுப்பு. இந்தப் பொருத்தத்தின் அருமை பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் புரிகிறது. ஒரு முகம் வேலை முடிந்த பொருளின் அந்த முகத்தை வழுவழுப்புப் பக்கம் திருப்பி வைத்தால் தழும்பு பின்புறத்தில் மட்டும் விழும். ஹேக்ஸா பிளேடோ உளியோ தவறிப் பட்டால் முன் பிளேட் வடு வாங்கிக்கொள்கிறது, பிளேடின் பல் போவதில்லை. வடுக்கள் சேர்ந்ததும் கழற்றி அரம் போட்டு மாட்டிவிடுகிறேன். குழாயை முறுக்கும்போது மட்டும் இரட்டைப் பல் பிளேட் அளவுக்குப் பிடி இல்லை, லேசாகச் சுழலும். நாள் முழுவதும் குழாய் வேலை செய்பவருக்கு இது ஒத்துவராது. அவர் பைப் வைஸ் வாங்குவதே நல்லது. பித்தளை, அலுமினியம் பிடிக்க இரு பக்கமும் அலுமினிய ஆங்கிள் (எல் வடிவப் பட்டை) துண்டு தொங்கவிடுவது வழக்கம்போல்தான்.

குறைகள் இருக்கின்றன. கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றிய பிறகே தாடை நகர்கிறது. இந்த அளவுக்கு மாற்று நட்டு தனியாகக் கிடைக்கவில்லை. வார்த்துச் செய்தால் வைஸ் விலை ஆகும் என்றார்கள், விட்டுவிட்டேன். இறுக்கும்போது முன் தாடை மயிரிழை மேலே தூக்குகிறது. அரம் போடும் வேலைக்கு இது உறைக்காது. நீளக் குழாயைக் கைப்பிடியில் செருகி முறுக்க யாரையும் விடுவதில்லை.

பின் பிளேட்டின் பற்கள் மேல் விளிம்பை ஒட்டி மழுங்கத் தொடங்கியிருக்கின்றன. திருகுத் துளைகள் சரியாக நடு உயரத்தில் இருப்பதால், அடுத்த முறை கழற்றும்போது கீழ் விளிம்பு மேலே வருமாறு திருப்பி மாட்டப் போகிறேன்.