சீசன் நேரத்தில் காற்றாலை சைட்டில் ஒரு மாதம்

எனக்கு ஊர் களக்காடு. ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, ஜூன் மாதம் முழுக்க ஒரு பெரிய காற்றாலைக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போய் வந்தேன். ஜூனியர் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மேல ஏற விட்டாங்களா?" விடவில்லை. ஆனாலும் கிடைத்தால் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் நான்கு நாள் திருநெல்வேலி ஆபீஸில், ஏசி அறைக்குள் போனது. கம்பெனி வரலாறு, பாதுகாப்பு வீடியோ, மறுபடியும் கம்பெனி வரலாறு. பாதுகாப்பு வகுப்பு தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான்காம் நாள் சாயங்காலம், போன வருடம் வந்த ஒரு மாணவரின் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "பேர மட்டும் மாத்தி இதையே குடுத்துரும்மா, எல்லாரும் அப்படித்தான்" என்றார்கள். மனசு விட்டுப்போயிற்று. அப்பா வாழை போட்டிருக்கிறார். அந்த மாதம் தார் வெட்டு. தோட்டத்தில் ஆள் தேவைப்பட்ட நேரத்தில் என்னை அனுப்பி வைத்தது யாரோ எழுதியதில் என் பெயரைப் போடுவதற்கா? சைட்டுக்கு அனுப்புங்கள் சார் என்று கேட்டேன். பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆபீஸே போதும் என்று பதில் வந்தது. மறுநாள் வெள்ளைத்தாளில் எழுதி, கல்லூரிக் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் சைட். ஆகவே பிள்ளைகளே, வாயால் கேட்டு விடாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

சைட் வடக்கன்குளத்துக்கும் பழவூருக்கும் இடைப்பட்ட காட்டில். காலையில் களக்காட்டில் பஸ் ஏறி, ஏர்வாடி வழியாக வள்ளியூர், அங்கிருந்து வடக்கன்குளம், அப்புறம் கம்பெனி ஜீப். உதவித்தொகை கிடையாது, பஸ்ஸும் சாப்பாடும் நம் கைக்காசு. ஹெல்மெட் கொடுத்தார்கள், பாதுகாப்பு ஷூ என் அளவில் இல்லை, திருநெல்வேலி போய் நானே வாங்கினேன்.

அங்கே முதல் நாள் ஜீப்பை விட்டு இறங்கும்போதே துப்பட்டா கையில் நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் விடுகிறது இல்லையா, தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் நெருக்கிக்கொண்டு வருகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாக வரும். செம்மண், உடைமரம், பனை, நடுவில் வரிசையாகக் காத்தாடி. வெயிலுக்கு ஆடுகள் டவர் நிழலில் நீளவாக்கில் படுத்துக் கிடக்கும். நிழல் நகர நகர அவையும் எழுந்து நகர்ந்து படுக்கும். மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவோம்.

மேலே ஏற விடாததற்குக் காரணம் இந்தக் காற்றுதான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சீசன். பலமாக அடிக்கும்போது மேலே ஆள் நிற்பது ஆபத்து, அதோடு மெஷினை நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். கண்ட்ரோல் ரூம் திரையில் வினாடிக்கு 5 மீட்டராக இருந்த காற்று மத்தியானத்துக்கு மேல் 9, 10 என்று ஏற, கிலோவாட் எண் குதித்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் அந்தச் சூத்திரம் எனக்குள் இறங்கியது.

எங்கள் பக்கத்துக்குக் காத்தாடி வந்தது 1986ல், தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். நான் இருந்த சைட்டில் 225 கிலோவாட் பழைய மெஷின்களும் 2 மெகாவாட் புது மெஷின்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. எல்லோருக்கும் ஆசை பெரிய மெஷின் மேல்தான். படிக்க வேண்டுமென்றால் பழைய மெஷினிடம் போங்கள். அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பழைய மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஐடிஐ படித்தவர், இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. யார்டில் கிரேன் வைத்து இறக்கிய கியர்பாக்ஸ் ஒன்று மூடி கழற்றிக் கிடந்தது. "ஏ பாப்பா, இங்கன வா. இந்தப் பல்லத் தடவிப் பாரு" என்றார். விரலை வைத்தேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, மறு ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி. "இறக்கை நிமிசத்துக்கு நாப்பது சுத்துதான் சுத்தும். அத இது ஆயிரத்துக்கு மேல ஏத்திக் குடுக்கணும்லா? அத்தன பாரமும் இந்தப் பல்லு மேலதான்." பிறகு எண்ணெயில் கிடந்த காந்தத்தை எடுத்துக் காட்டினார். அதில் கரும்பசையாக இரும்புத்தூள் அப்பியிருந்தது; இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தால் நறநறத்தது. இந்தத் தூள் கூடுவதை வைத்தே, பல் உடைவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாமாம். எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குக் காட்டியதில்லை. அன்று இரவு வீட்டில் ஆச்சியிடம்கூட அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

என் ரிப்போர்ட்டுக்கு விஷயம் கொடுத்ததும் அந்த அண்ணாச்சிதான். பழைய மெஷின்களில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மின்சாரம் தயாரிக்கும், ஆனால் தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை லைனிலிருந்து இழுக்கும். அதை ஈடுகட்டத்தான் டவர் அடியில் உள்ள பேனலில் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது கெட்டால் மீட்டரில் ஆர்.கே.வி.ஏ.எச்., அதாவது ரியாக்டிவ் பவரின் கணக்கு, ஏறும், ஈபி அதற்குத் தனியாகக் காசு பிடிக்கும். பன்னிரண்டு நாள் ஆறு மெஷினின் மீட்டரை நானே போய்க் குறித்தேன். ஒன்றில் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. லைனை நிறுத்திப் பேனலைத் திறந்து பார்த்தால், ஒரு கெப்பாசிட்டர் வயிறு ஊதிப்போய் நிற்கிறது! அண்ணாச்சி பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே என் பெயரையும் எழுதினார். அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி, பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சப்ஸ்டேஷனில் ஒன்று உண்டு. அது பூட்டியே கிடந்தது. முதல் இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன், அந்த வெயிலில் அது பெரிய தப்பு. மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி, "இதுக்கு என்னத்துக்குட்டி கூச்சப்படுத, உள்ள வா" என்று தன் வீட்டுக்குள் விட்டார். ஒரு வாரம் கழித்து, மறுபடியும் எழுதிக் கொடுத்த பிறகு சாவி கிடைத்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, கோடிக்கணக்கில் மெஷின் நிறுத்துகிறவர்கள், இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும். கடைசி நாள் கருத்துப் படிவத்திலும் இதைத்தான் முதலில் எழுதினேன். சேரும்போதே சாவி யாரிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வர ஏழு வாரம் ஆனது. வந்ததில் இனிஷியல் தப்பு, திருத்தி வாங்க இன்னும் இரண்டு வாரம். கல்லூரியில் மதிப்பெண் போடும் கடைசித் தேதியை முதல் நாளே அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

மின்னோட்டம், கிரிட் (மின் கட்டமைப்பு), மீட்டர், பேக்டவுன் இதெல்லாம் பார்க்க ஆசைப்பட்டால் ஜூன் மாதம் சரி. லைன் தாங்காது என்று மெஷினை நிறுத்தச் சொல்லி வரும் உத்தரவுதான் பேக்டவுன், அதையும் சீசனில்தான் பார்க்க முடியும். நல்ல காற்று அடிக்கும்போது இறக்கைகள் சும்மா நிற்பதைப் பார்க்க வயிறு எரியும். மெஷினைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் போங்கள். காற்று அடங்கியபின்தான் வருடாந்திர சர்வீஸ், போல்ட் முறுக்குவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம். உடல் தகுதிச் சான்றிதழும் உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியும் முடித்திருந்தால், பழைய மெஷினில் ஏற்றிவிடுவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். நான் இப்போதே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.