சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு வாடகை கார்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சென்னையிலும் கோவையிலும் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டதும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஊர், ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையில் பள்ளம் கிடையாது, பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில். நம் ஊரில் ஓட்டியவருக்கு அங்கே ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஆனாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். சில சூழல்களில் மட்டும் எடுக்கலாம். அப்போதும் பயணம் முழுவதற்கும் அல்ல, தேவைப்படும் ஒரு நாளுக்கு மட்டும்.

முதலில் விலை. சிங்கப்பூரில் கார் வாங்க வேண்டுமானால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் இருக்கும் இந்த சிஓஇ முறையில் சான்றிதழ் மட்டுமே 2023இல் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்). வாடகை நிறுவனமும் அந்த விலை கொடுத்துத்தான் வண்டி வாங்குகிறது. அதை நம்மிடம் வசூலிக்கிறது. சின்ன செடான் ஒன்றுக்கு நாளுக்கு 80 முதல் 150 வெள்ளி வரை கேட்பார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை கூடும். சீனப் புத்தாண்டு வாரத்தில் உள்ளூர்க்காரர்களே வாடகைக்கு அலைவதால் ஒரு நாளைக்கு மட்டும் வண்டி கிடைப்பது அரிது. குறைந்தது இத்தனை நாள் எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள்.

இணையத்தில் காட்டும் தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வாடகை 100 வெள்ளி, அதற்கு 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 109. விபத்துப் பொறுப்பைக் குறைக்கும் கூடுதல் காப்பீடு 20. ஒரு நாளில் 50 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டர் 3 வெள்ளியை ஒட்டிய விலையில் பெட்ரோல் 12. ஹோட்டலில் இரவு நிறுத்த 20, பகலில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்த 15, சாலைக் கட்டணம் 4. மொத்தம் 180 வெள்ளி.

அதே குடும்பம் எம்ஆர்டி மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் நாளுக்கு நான்கு முறை போனால், ஆளுக்கு ஒரு பயணம் இரண்டு வெள்ளி என்று தாராளமாக வைத்தாலும் 32 தான். கால் வலிக்கும் நேரத்துக்கு இரண்டு கிராப் (செயலியில் அழைக்கும் கார்) சவாரி, 40. ஆக 72. வித்தியாசம் நாளுக்கு ஏழாயிரம் ரூபாய் அளவில் வரும்.

பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒப்பந்தத்தில் 'எக்சஸ்' என்று எழுதியிருக்கும் வரி. வண்டிக்குச் சேதம் வந்தால் காப்பீடு பேசத் தொடங்குவதற்கு முன் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகை அது. 2,000 முதல் 3,000 வெள்ளி வரை சாதாரணமாக இருக்கும். ஓட்டுநர் இளையவராகவோ உரிமம் புதிதாகவோ இருந்தால் இன்னும் ஏறும். மாலின் கீழ்த்தளத் தூணில் பம்பர் லேசாக உரசினாலும் அந்தத் தொகைக்குள் அடங்கும் செலவு முழுக்க உங்களுடையதுதான். கூடுதல் காப்பீடு வாங்கினால் எக்சஸ் குறையுமே தவிர பல நிறுவனங்களில் சுத்தமாக நீங்காது. டயர், கண்ணாடி, அடிப்பாகம் அதில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் 'வாடகை கார் எக்சஸ்' என்ற பிரிவு இருந்தால் கவுன்ட்டரில் விற்பதை வாங்காமல் தவிர்க்கலாம். ஆனால் அதில் பணத்தை நீங்கள் முதலில் கட்டி, பிறகுதான் திரும்பப் பெற வேண்டும்.

வண்டியைக் கையில் வாங்கும்போது நான்கு பக்கமும், நான்கு சக்கர விளிம்பும், முன் கண்ணாடியும், கூரையும் தெரிய வீடியோ எடுங்கள். எரிபொருள் முள்ளும் ஓடிய தூரமும் ஒரே படத்தில் வரட்டும். கீழ்த்தள இருட்டில் எடுத்த படத்தில் கீறல் தெரியாது, வெளிச்சத்துக்கு நகர்த்திவிட்டு எடுங்கள். கவுன்ட்டர் ஊழியர் அவசரப்படுத்துவார். அவர் அவசரம் அவருக்கு. திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வீடியோ, இதே வரிசை.

காகித வேலை எளிது, ஆனால் ஊரிலேயே முடிக்க வேண்டியது. சுற்றுலா வருபவர் இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வைத்திருக்க வேண்டும். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் இதைத் தருகிறது. சாரதி தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, பாஸ்போர்ட் உள்ளிட்ட நகல்களுடன் 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு செல்லும் புத்தகம் கிடைக்கும். அசல் உரிம அட்டையும் கூட வர வேண்டும்; டிஜிலாக்கர் படத்தை அங்கே யாரும் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். வாடகை நிறுவனங்கள் குறைந்த வயது 21 அல்லது 23 என்றும், உரிமம் வாங்கி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்கும். வைப்புத்தொகைக்கு ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் வண்டி தரமாட்டார்கள்.

இனி இஆர்பி எனப்படும் மின்னணுச் சாலைக் கட்டணம். நகர மையத்திலும் சில விரைவுச்சாலைகளிலும் தலைக்கு மேல் வளைவுகள் நிற்கும். கட்டணம் அமலில் இருக்கும் நேரத்தில் கீழே கடந்தால் வண்டியில் பொருத்திய கருவியிலிருந்து காசு போய்விடும். நேரத்துக்கு நேரம் தொகை மாறும். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் கட்டணம் இல்லை. பழைய வண்டிகளில் கருவி முன் கண்ணாடியின் வலது கீழ் மூலையில் இருக்கும், அதில் பணம் ஏற்றிய அட்டையைச் செருக வேண்டும். 2023 நவம்பர் முதல் புதுக் கருவிக்கு மாற்றி வருகிறார்கள்; அதில் பெரும்பாலும் அட்டை செருகும் பெட்டி முன்பயணியின் காலடியில் இருக்கும். எது இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அட்டையை நீங்கள் தருவீர்களா, நான் வாங்க வேண்டுமா, அல்லது பின்னால் என் கார்டில் எடுத்துக்கொள்வீர்களா? அட்டையில் காசு இல்லாமல் வளைவைக் கடந்தால் அந்தக் கட்டணத்தைப் பிறகு தனியாகக் கட்ட வேண்டும். தாமதமானால் 10 வெள்ளி நிர்வாகக் கட்டணம் சேரும். அறிவிப்பு வாடகை நிறுவனத்துக்குத்தான் போகும் என்பதால், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்கள் கார்டில் எழுதுவார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் குறுஞ்செய்தி வரும்.

அதே அட்டைதான் பார்க்கிங்கிலும் வேலை செய்கிறது. வெளியேறும் தடுப்பில் காசு போதாமல் நின்றால் தடுப்பு எழும்பாது, பின்னால் வரிசை சேரும். பெட்ரோல் பங்கிலும் செவன் இலெவன் கடையிலும் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளலாம். வீவக (அரசு வீட்டு வாரியம்) அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்தங்கள்தான் மலிவு: நகர மையத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு (சென்ட்), மையத்தில் திங்கள் முதல் சனி வரை பகலில் 1.20 வெள்ளி. வெள்ளைக் கோட்டுக் கட்டத்தில் நிறுத்துங்கள். சிவப்புக் கட்டம் மாதச் சந்தா வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு. ஞாயிறு காலை 7 முதல் இரவு 10.30 வரை பல வீவக நிறுத்தங்களில் இலவசம். இஆர்பியும் இல்லை, பார்க்கிங்கும் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை கார் எடுக்கத் தோன்றும். லிட்டில் இந்தியாதான் உங்கள் திட்டம் என்றால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். வாரம் முழுக்க உழைத்த தொழிலாளர்கள் ஒன்றுகூடும் நாள் அது. தேக்கா சந்தை, முஸ்தபா கடை பக்கம் இடம் தேடிச் சுற்றும் நேரத்தில் ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தே சாப்பாட்டை முடித்துவிடலாம்.

நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும் இடங்கள் சில உண்டு. சிவப்பு விளக்கில் 'ஃப்ரீ லெஃப்ட்' கிடையாது. அனுமதிக்கும் பலகை இருந்தால் மட்டும், அதுவும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். யூ-டர்ன் போட வேண்டுமானால் அதற்கான பலகை இருக்க வேண்டும்; தடைப் பலகை இல்லையே என்ற வாதம் எடுபடாது. மஞ்சள் கோடு போட்ட பஸ் தடத்தில் வார நாள் காலை, மாலை நெரிசல் நேரங்களில் நுழையக்கூடாது. சிவப்புக் கோடு என்றால் கிட்டத்தட்ட நாள் முழுக்க. மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில் எதிர்ப்புறம் இடம் காலியானால்தான் உள்ளே போக வேண்டும். நகரச் சாலையில் வேக வரம்பு பொதுவாக 50, விரைவுச்சாலையில் 70 முதல் 90. நீண்ட சுரங்கச் சாலைகளில் போனின் வரைபடம் தடுமாறலாம் என்பதால் நுழையும் முன்பே எக்சிட் எண்ணைப் பார்த்து வையுங்கள். ஒரு எக்சிட்டைத் தவறவிட்டால் அடுத்தது எங்கோ கொண்டுபோய் விடும், வழியில் இன்னொரு இஆர்பி வளைவு காத்திருக்கும்.

இத்தனை தொல்லைக்கு மாற்றாக இருப்பது உலகத்தரமான ரயில். விமான நிலையத்திலிருந்தே எம்ஆர்டி உண்டு. காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாசலில் தட்டினால் போதும். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கூடுதல். ஒரு அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணம் இல்லை. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் வழித்தடம் மாறும் சில நிலையங்களில் நடை நீளம். முட்டிவலி உள்ள பெற்றோரை அழைத்து வருபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளை காரில் போனால் குழந்தை இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம். வாடகைக் காருக்கும் இது பொருந்தும், கிராப் போன்ற தனியார் வாடகைக் காருக்கும் பொருந்தும். மீட்டர் டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. கிராப்பில் சாதாரண வண்டியை அழைத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நின்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், தவறு அவருடையதல்ல. குழந்தை இருக்கை உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் வரிசையில் நிற்கும் டாக்ஸியைப் பிடியுங்கள். டாக்ஸியில் நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம். சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் 6 முதல் 8 வெள்ளி தனி.

கார் உண்மையிலேயே உதவுகிற இடம் மண்டாய். விலங்குத் தோட்டமும் நைட் சஃபாரியும் இருக்கும் அந்தப் பகுதிக்கு நேரடி எம்ஆர்டி இல்லை. பகலில் கவலையில்லை: காத்திப் நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ், ஸ்பிரிங்லீஃப் நிலையத்திலிருந்து 138ஆம் எண் பஸ். சிக்கல் இரவில்தான். நைட் சஃபாரி நள்ளிரவு வரை நடக்கும். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் பாதியில் கிளம்ப வேண்டும். முழுக்கப் பார்த்துவிட்டு வந்தால் டாக்ஸி வரிசை, பிறகு நள்ளிரவுக் கூடுதல். தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதற்கு ஒரு நாள் கார் வாடகை மேல் என்று சொல்பவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அப்படி எடுத்தால் அதே நாள் பகலில் கிராஞ்சிப் போர் நினைவிடம், சுங்கை பூலோ சதுப்புநிலம் என்று பஸ் குறைவாக ஓடும் வடமேற்குப் பகுதியையும் சேர்த்து முடித்துவிடுங்கள். செந்தோசா தீவுக்குக் கார் தேவையே இல்லை. காரில் போனால் நுழைவுக் கட்டணம் கேட்கும், ஹார்பர்ஃபிரண்டிலிருந்து நடைபாலத்தில் போனால் கேட்காது.

ஆறேழு பேர் கொண்ட குடும்பம் என்றால் 7 இருக்கை வாடகைக் காரின் விலையையும் ஓட்டுநரோடு வரும் மேக்ஸி கேபின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேக்ஸி கேப் மணிக்கணக்கில் கிடைக்கும், குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கச் சொல்வார்கள். எக்சஸ், இஆர்பி, பார்க்கிங் எல்லாம் ஓட்டுநர் பாடு. அரை நாள் ஊர் சுற்றுவதற்கு இதுதான் எங்கள் தேர்வு.

மிச்சமிருப்பது எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர், மலாக்கா போகும் ஆசை. சிங்கப்பூர் வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப்போக நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கூடுதல் கட்டணமும் வேண்டும். பல நிறுவனங்கள் அனுமதிப்பதே இல்லை. அனுமதித்தாலும் சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டி எல்லையில் முக்கால் டாங்க் பெட்ரோலோடு இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம். மலேசியப் பக்கம் விஇபி என்ற வெளிநாட்டு வண்டி நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் தண்டம். இதற்குப் பதில் பஸ்ஸிலோ, உட்லண்ட்ஸிலிருந்து ஐந்தே நிமிடத்தில் போய்ச்சேரும் தெப்ராவ் ஷட்டில் ரயிலிலோ ஜோகூர் பாரு போய், அங்கே மலேசியப் பதிவெண் கார் எடுங்கள். வாடகை கணிசமாகக் குறையும், விஇபி கவலை கிடையாது, மலாக்கா 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். சுங்கச்சாவடிகளுக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். வண்டியிலேயே இருக்கிறதா, எவ்வளவு மீதி என்று எடுக்கும்போதே பாருங்கள். சிங்கப்பூருக்குத் திரும்ப நுழையப் பன்முறை விசா இருக்கிறதா என்பதை ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஷட்டில் ரயிலின் வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் திரும்பும் டிக்கெட்டைக் காருக்கு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. ஞாயிறு மாலை எல்லைப் பாலமான காஸ்வேயில் பஸ் நகர்வதற்குள் நடந்தே பாலத்தைக் கடந்துவிடலாம் போலிருக்கும்.