காசு கொடுத்து ஒரு தடவை, காசில்லாமல் மூன்று தடவை: மிடில்செக்ஸ் கவுண்டி கல்லறைத் தோட்டங்கள்

பாஸ்டன் பக்கம் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்து மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நயாகரா பார்த்தாச்சு, நியூயார்க் பார்த்தாச்சு, அப்புறம் வார நாளில் பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிப் போனபின் பகல் முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம் இல்லையா, அந்தப் பகல்களுக்கு நான் கண்டுபிடித்த இடம் கல்லறைத் தோட்டம். "அம்மா, லீவு நாள்ல போய் யாராவது சுடுகாட்டைப் பார்ப்பாங்களா?" என்று மகள் கேட்டாள். எங்கள் வீட்டில் பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் கிடையாது. என் அப்பாவைத் தெருமுனை வரைக்கும்தான் அனுப்பிவைத்தேன், அவரைக் கொண்டுபோன இடத்தை இன்றுவரை பார்த்ததில்லை. அதனாலேயே எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது.

மிடில்செக்ஸ் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கவுண்டி, நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ், கான்கார்ட், லோவெல் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. கவுண்டி நிர்வாகத்தையே 1997-ல் கலைத்துவிட்டார்கள், இப்போது எல்லைக்கோடும் பெயரும்தான் மிச்சம். ஆனால் அந்த எல்லைக்குள் புதைக்கப்பட்டிருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தால் அமெரிக்க இலக்கியத்தில் பாதி அங்கே இருக்கிறது.

முதல் தடவை மாப்பிள்ளை ஆசையாக டிக்கெட் போட்டுக்கொடுத்து, வேனில் அழைத்துப் போகிற ஒரு சுற்றுலாவில் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கான்கார்டில் கல்லறைக்கு ஒதுக்கிய நேரம் இருபத்தைந்து நிமிடம், நினைவுப்பொருள் கடைக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டி முன்னால் வேகமாக நடக்க, நான் மூச்சு வாங்கி மேட்டில் ஏறி முடிப்பதற்குள் அவர் பேசி முடித்து எல்லாரையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். 'வால்டன்' புத்தகம் எழுதிய தோரோவின் கல் எங்கே என்று கேட்டேன், "அதோ, அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். நான் பார்க்கவே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு கோபம். கல்லறைக்கு வேன் சுற்றுலா வேண்டவே வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். போர்ட்டர் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் பாதை ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கான்கார்ட். அங்கிருந்து ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டம் வரை நிதானமாக நடந்தால் அரை மணி நேரம், ஊரின் நடுவே போகிற வழிதான். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. 1855-ல் திறந்த இடம் இது, திறப்பு விழாவில் பேசியவர் தத்துவ எழுத்தாளர் எமர்சன், பிற்பாடு அவரையும் இங்கேயே அடக்கம் செய்தார்கள். எழுத்தாளர் மேடு என்று ஒரு சின்னக் குன்று, ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள். மேலே ஏறிவிட்டால் தோரோ, நாவலாசிரியர் ஹாத்தோர்ன், ஆல்காட், எமர்சன் எல்லாரும் ஒரே தெருவில் குடியிருந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், ஒரே ஊர்க்காரர்கள்.

தோரோவின் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கென்று நடுவில் ஒரு பெரிய கல், அதில் எல்லாருடைய பெயரும் தேதியும். அவருக்கென்று இருப்பது தரையிலிருந்து ஒரு சாண் எழும்பின வெள்ளைக் கல், அதில் 'ஹென்றி' என்று ஒரே ஒரு சொல். பட்டம் இல்லை, வருஷம் இல்லை, வாசகம் இல்லை. அதைச் சுற்றிப் பென்சில்கள்! மண்ணில் குத்தி நிற்கிறவை, கல்லின் மேல் சாய்த்துவைத்தவை, மழையில் நனைந்து மஞ்சள் பெயிண்ட் உரிந்தவை, ஒன்று பல்லால் கடித்த தடத்தோடு ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையுடையது. தோரோ குடும்பத்துக்குத் தொழிலே பென்சில் செய்வதுதான், கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து அதன் தரத்தை உயர்த்தியவர் இவர், வந்து போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. 44 வயதில் காசநோயில் போய்விட்டார், 1862-ல். அநியாய அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று ஒரு ராத்திரி சிறையில் இருந்துவிட்டு அவர் எழுதின கட்டுரையை காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்து, தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். நான் அந்தக் கல்லுக்கு முன்னால் தரையிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை, யாரும் என்ன என்று கேட்கவில்லை.

பக்கத்தில் 'லிட்டில் விமன்' நாவல் எழுதிய லூயிசா மே ஆல்காட். அப்பா இறந்தது 1888 மார்ச் 4, மகள் இறந்தது மார்ச் 6, இரண்டே நாள். ஹாத்தோர்னின் மனைவியும் மூத்த மகளும் இங்கிலாந்தில் இறந்து லண்டனில் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2006-ல் அங்கிருந்து எடுத்துவந்து இவர் பக்கத்தில் சேர்த்தார்கள், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. எமர்சனுக்குச் செதுக்காத இளஞ்சிவப்புப் பாறை ஒன்று.

மேட்டை விட்டு இறங்கியதும் கிளம்பிவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கீழே எஃப்ரைம் புல் என்பவர் இருக்கிறார். அமெரிக்கக் கடைகளில் கருநீலத் திராட்சை ஜாம், ஜூஸ் பார்க்கிறோமே, அந்தக் கான்கார்ட் திராட்சையை இந்த ஊரில் தன் தோட்டத்தில் வருஷக்கணக்கில் விதை போட்டுப் போட்டு எடுத்தவர் இவர். கொடியை வாங்கிப் பெருக்கி விற்றவர்கள் பணம் பார்த்தார்கள், இவர் 1895-ல் ஏழையாக இறந்தார். கல்லில் பொறித்திருப்பதைத் தமிழில் சொன்னால், 'விதைத்தவர் இவர், அறுத்தவர்கள் வேறு பேர்'. அந்த வரியைப் படித்ததிலிருந்து பேத்திக்கு ரொட்டியில் ஜாம் தடவும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. வாஷிங்டனில் லிங்கன் உட்கார்ந்திருக்கும் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சும் இங்கேதான். உள்நாட்டுப் போரில் இறந்த மெல்வின் சகோதரர்கள் மூன்று பேருக்காக அவர் செதுக்கின நினைவுச்சின்னமும் இதே தோட்டத்தில் இருக்கிறது. மிஞ்சிய நாலாவது தம்பி செய்யச் சொன்னது அது.

இரண்டாவது, மவுண்ட் ஆபர்ன். ஹார்வர்டு சதுக்கத்திலிருந்து 71-ஆம் எண் பஸ் வாசலிலேயே விடும். கல்லறை என்றால் தேவாலய முற்றத்தில் நெருக்கிப் புதைப்பது என்று இருந்த காலத்தில், 1831-ல், ஜேக்கப் பிகலோ என்கிற டாக்டரும் தோட்டக்கலைச் சங்கத்தாரும் சேர்ந்து, ஊருக்கு வெளியே மேடு பள்ளம் குளம் மரம் எல்லாம் அப்படியே இருக்க ஆரம்பித்த இடம். அமெரிக்காவில் இந்த மாதிரிக்கு இதுதான் முதல். 175 ஏக்கர், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். பாதைகளுக்கெல்லாம் மரம் செடிகளின் பெயர். இங்கே ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், அவசரமாகப் பார்க்கிற இடம் இல்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம், வீட்டிலேயே தேடிக் குறித்துக்கொண்டு போவது நல்லது. உள்ளே சாப்பாட்டைப் பிரித்து உட்காரக் கூடாது, சைக்கிள் கூடாது, நாய் கூடாது. அதனால்தான் அவ்வளவு அமைதி. நான் இட்லியைச் சாப்பிட்டுவிட்டே போனேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கவிஞர் லாங்ஃபெல்லோ, ஓவியர் வின்ஸ்லோ ஹோமர், வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்று பெயர்கள் போய்க்கொண்டே இருக்கும். நான் மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் ஃபேனி ஃபார்மர். 1896-ல் சமையல் புத்தகம் போட்டு, கப்பில் எடுத்த மாவைத் தலைதட்டி அளந்து போடு, ஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடு என்று வீட்டுச் சமையலுக்கு அளவு சொல்லிக்கொடுத்தவர். நாம் கைப்பக்குவம் என்கிறோம், பிடி உப்பு என்கிறோம், ஆனால் தூரதேசத்தில் தனியாக அடுப்பைப் பற்றவைக்கிற பெண்ணுக்கு அம்மாவின் கையா பக்கத்தில் இருக்கிறது? என் மகள் சாம்பார் கற்றுக்கொண்டதே கப் கணக்கில்தான். மனசுக்குள் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொருவர் ஹேரியட் ஜேக்கப்ஸ். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானனின் தொல்லை தாங்காமல் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கும் உத்திரத்துக்கும் இடையில் ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயர்ந்த இடத்திலேயே மூன்று அடி உயரம் உள்ள ஒரு பொந்தில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். எழுந்து நிற்க முடியாது. பிள்ளைகள் கீழே விளையாடுவதை ஒரு துளை வழியே பார்ப்பார், கூப்பிட முடியாது. பிறகு வடக்கே தப்பி வந்து 1861-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். இதே தோட்டத்தில்தான் லூயி அகாசி என்ற ஹார்வர்டு பேராசிரியரும் இருக்கிறார், பனிப்பாறைகளை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி, அவருக்காக ஸ்விட்சர்லாந்தின் பனியாற்றுப் பக்கத்திலிருந்தே பாறையைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். ஆனால் கறுப்பர்கள் தனியாகப் படைக்கப்பட்ட வேறு இனம் என்று கடைசிவரை வாதாடியவர் அவர். அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு ஹேரியட்டின் கல்லுக்குப் போய் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரம் குறைவென்றால் பாறையை விடுங்கள், ஹேரியட்டை விடாதீர்கள்.

மூன்றாவது ஆள் நத்தானியல் வயெத். இவரைத் தேடிப் போனதற்குக் காரணம் நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்கிறோமே, விவேகானந்தர் இல்லம், அது டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842 வாக்கில் கட்டியது. அந்தப் பனிக்கட்டியைக் குதிரை இழுக்கும் கலப்பை மாதிரிக் கருவியால் குளத்திலிருந்து சதுரம் சதுரமாக அறுக்க வழி கண்டுபிடித்தவர்தான் வயெத், டியூடரிடம் வேலை பார்த்தவர். இந்தத் தோட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஃபிரெஷ் பாண்ட் குளத்தில் அறுத்தது. தோரோ கூட கான்கார்டில் இருக்கிற வால்டன் குளத்தில் ஐஸ் அறுப்பதைப் பார்த்துவிட்டு, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். சின்ன வயதில் ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே கிடையாது. அதற்கான விடை கேம்பிரிட்ஜில் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

லோவெல் பற்றிச் சுருக்கமாக. எட்சன் கல்லறையில் 'ஆன் தி ரோடு' நாவல் எழுதிய ஜாக் கெரோவாக், அந்த ஊரிலேயே பிறந்தவர், 1969-ல் 47 வயதில் இறந்தவர். பழைய கல் புல்லோடு புல்லாகத் தரையில் படிந்திருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும், 'வாழ்க்கையை மதித்தவர்' என்று எழுதியிருக்கிறது. 2014-ல் பின்னால் ஒரு பெரிய கல் வைத்ததால் இப்போது கண்டுபிடிப்பது சுலபம். பேனா, பாட்டில், மடித்த காகிதம் என்று ஜனங்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து தூரம், மகள் காரில் கொண்டுவிட்டாள். அவரைப் படித்தவர்களுக்குப் போதும், மற்றவர்கள் அந்த நாளையும் மவுண்ட் ஆபர்னுக்கே கொடுக்கலாம்.

மே மாதம் போனால் மவுண்ட் ஆபர்னில் பூவும் பறவையும் சேர்ந்து கிடைக்கும், பைனாகுலரோடு ஒரு கூட்டமே வந்து நிற்கிறது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தீர்களா என்று சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் போனில் கேட்கிறார். குளித்தேன் என்று சொல்கிறேன், குளிக்கவும் செய்கிறேன், அது நம் வழக்கம். திரும்பவும் போகிறேன். அடுத்த முறை மவுண்ட் ஆபர்னை ஒட்டி நகராட்சியுடைய கேம்பிரிட்ஜ் கல்லறை, அங்கே தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸும் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருக்கிறார்கள்.